கர்ப்ப காலத்தில் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன்: செய்ய வேண்டியவை

மாதவிடாய் ஒரு நாள் தள்ளியிருந்தாலும் படம் எடுக்கும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். வயிறு, இடுப்புப் பகுதிப் படம் என்றால் முதலில் கர்ப்பமா என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனை. அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. போதுமா என்றும் கேளுங்கள்; அவற்றில் செல்களைப் பாதிக்கக்கூடிய அயனியாக்கும் கதிர் கிடையாது.

தெரியாமல் எடுத்துவிட்டீர்களா? எந்த உறுப்பு, எத்தனை படம், எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கும் (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவு) குறைவு. வயிறு, இடுப்பு சி.டி.யில் பெரும்பாலும் 10 முதல் 50 வரை. 100 மில்லிகிரேக்குக் கீழே என்றால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. பயத்தில் எடுக்கும் முடிவுதான் இங்கே பெரிய ஆபத்து.

100 மில்லிகிரேயைத் தாண்டினால், எந்த வாரத்தில் எடுத்தது என்பது முக்கியம். கருத்தரித்த முதல் இரண்டு வாரத்தில் கரு கலையும், அல்லது பழுதின்றி வளரும். 3 முதல் 8 வாரம் வரை உறுப்புகள் உருவாகும் கட்டம், ஊனம் நேரலாம். 8 முதல் 15 வாரம் வரை மூளைக்கு மிக மோசமான காலம்: நரம்பணுக்கள் பெருகி இடம்பெயர்வது தடைபட்டு, தலை சிறுத்து அறிவுத்திறன் குறையும். பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பு, சிறிதளவே என்றாலும், எந்த மாதத்திலும் உண்டு.

தைராய்டு நோய்க்குத் தரும் கதிரியக்க அயோடின் சிகிச்சை மட்டும் கர்ப்பத்தில் கூடவே கூடாது. சிசுவின் தைராய்டையே அது அழித்துவிடும்.