சாஃப்ட்பால் நடுவர்: எங்கே கறார், எங்கே நெளிவு

எதிரணிக்கு நட்டம் வைக்கும் மீறலுக்கு எச்சரிக்கை கிடையாது. ஆட்டத்தின் ஒழுங்குக்காக வைத்த விதியென்றால், மீறல் நடக்குமுன்னே தடுத்துவிடலாம். ஃபாஸ்ட்பிட்ச் (பந்தை வேகமாக எறியும் சாஃப்ட்பால் வகை) நடுவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பந்து பிட்சரின் (பந்தை எறிபவரின்) கையை விட்டு நீங்குமுன் ரன்னர் (பேஸில் நிற்கும் ஓட்டக்காரர்) பேஸிலிருந்து கிளம்பினால் அவுட். "அடுத்த தடவை பார்த்துக்கோ" என்று விடாதீர்கள். பேஸ்களுக்கு இடையே 60 அடிதான். ஓர் எட்டு முந்தினாலே ஸ்டீல், அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸைப் பிடிப்பது, கைகூடிவிடும்.

லுக்-பேக் விதியும் அப்படித்தான். பிட்சர் பந்தோடு 8 அடி ஆர வட்டத்துக்குள் நிற்கிறார், ரன்னர் பேஸுக்கு வெளியே நின்றுவிட்டார் என்றால், முன்னேயோ பின்னேயோ உடனே நகர வேண்டும். தயங்கினால் அவுட். ஆனால் பிட்சர் எறிவதுபோல் கையை ஓங்கிவிட்டால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும். இதைக் கவனிக்காமல் அவுட் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

க்ரோ ஹாப், அதாவது பிட்சர் தான் நின்று எறியும் பிளேட்டிலிருந்து எம்பி, காலை மறுபடி ஊன்றி அங்கிருந்து உந்துவது, முதல் இன்னிங்ஸிலேயே மீறலாக அறிவிக்கப்பட வேண்டும். இடது கையை, விரல்களை மடக்கி, பக்கவாட்டில் நீட்டி, "இல்லீகல்" என்று உரக்கச் சொல்லுங்கள். ஆறு இன்னிங்ஸ் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, ஸ்கோர் சமமாக இருக்கும் ஏழாவதில் அறிவித்தால் கோச் கத்துவது நியாயமே. இந்த மீறலுக்காக ரன்னருக்கு ஒரு பேஸ் முன்னேற உரிமை உண்டா என்பது விதிநூலுக்கு விதிநூல் மாறும், முன்பே பாருங்கள்.

பேட்டர் பாக்ஸின் (அடிப்பவர் நிற்கும் கட்டத்தின்) கோடு அழிந்துவிட்டதா? ஊகித்து அவுட் கொடுக்காதீர்கள். பந்தை அடிக்கும்போது கால் ஹோம் பிளேட்டைத் தொட்டதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் கொடுங்கள்.

நகை, பேட்டிங் வரிசைப் பட்டியல் எல்லாம் ஆட்டத்துக்கு முந்தைய சந்திப்பிலேயே முடிய வேண்டிய வேலை. ஃபவுல் பந்து (அடிபட்டு எல்லைக்கு வெளியே போகும் பந்து) கேட்சரை, அதாவது பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவரை, தாக்கினால், வெளிமைதானத்துக்கு முதுகு காட்டிக் குனிந்து, பிளேட்டை மெதுவாகத் துடையுங்கள். அவர் மூச்சு வாங்க அரை நிமிடம் கிடைக்கும். அடுத்தது உங்கள் மாஸ்க்கில் பட்டால் அவரும் பந்தை நிதானமாகவே பிட்சரிடம் கொண்டுபோவார். எந்த விதிநூலிலும் இல்லாத கணக்கு இது.

ரன்னர் பேஸை மிதிக்காமல் ஓடியதைப் பார்த்தாலும் வாயைத் திறக்காதீர்கள். எதிரணியிடமிருந்து அப்பீல் (முறையீடு) வந்தால்தான் அவுட்.

கோச் வந்தால் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, பார்த்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். டகவுட்டிலிருந்து (அணியினர் உட்காரும் இடத்திலிருந்து) வரும் முனகலைத் தேடிப் போகாதீர்கள். ஆள்மீது வசை வந்தால் மட்டும் எச்சரிக்கையில்லாமல் வெளியேற்றி, முதுகைத் திருப்பி நடந்துவிடுங்கள். மிச்சத்தை சக நடுவர் பார்த்துக்கொள்வார்.