பயாஸ் சிப்பில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடல் நம்பரைச் சரிபார், பாதியில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன். லேப்டாப்பை எழுப்பும் முதல் புரோகிராமான பயாஸ் இருக்கும் சிப்பைப் படித்து எழுதும் சிஎச்341ஏ புரோகிராமரும், அதைச் சிப்பில் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, வைஃபை வைட்லிஸ்டை (கம்பெனி அனுமதித்த வைஃபை கார்டுகளை மட்டும் ஏற்கும் பட்டியல்) எடுக்கிறேன், மறைத்து வைத்த அட்வான்ஸ்டு மெனுவைத் திறக்கிறேன் என்று லேப்டாப்பைப் பிரிக்கும் பசங்கள் அதிகமாகிவிட்டார்கள். பிரிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் அடித்த அதே கூத்தை இவர்களும் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள்.

கெட்டுப்போன பயாஸ்தானே என்று பழையதை அழிப்பது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைப்பது. போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். "ஆன் ஆகுதுண்ணா, ஆனா அரை மணி நேரத்துல தானா அணைஞ்சிடுது." மாட் பண்ணிய (தானே மாற்றிய) பயாஸ் ஓடவில்லை என்றதும், அதே மாடலின் டம்ப் (சிப்பில் இருப்பதன் முழு நகல்) ஒன்றை நெட்டில் இறக்கி முழு சிப்பிலும் எழுதியிருக்கிறான். பழைய டம்ப் எங்கே தம்பி என்றால், "அதான் செத்துப்போன பயாஸாச்சே, அதை எதுக்குண்ணா எடுத்து வைக்கணும்?" என்கிறான்.

சிப்பில் இருப்பது பயாஸ் மட்டும் இல்லை. இன்டெல் லேப்டாப்பில் முதல் 4 கேபி டிஸ்கிரிப்டர் (சிப்பில் எந்தப் பகுதி எங்கே என்ற வரைபடம்), அப்புறம் எம்இ (இன்டெல் சிப்செட்டுக்குள் ஓடும் தனிக் கட்டுப்பாட்டு புரோகிராம்), இன்டெல் லேன் இருந்தால் அதன் மேக் முகவரி, அதன் பிறகுதான் பயாஸ் பகுதி. அந்தப் பயாஸ் பகுதிக்குள்ளேயும் லேப்டாப்பின் சீரியல் நம்பர், யுயுஐடி (அந்த மெஷினுக்கே உரிய அடையாள எண்), கூடவே வந்த விண்டோஸின் கீ எல்லாம் உட்கார்ந்திருக்கும். மாட் பண்ணும்போது கெட்டது எங்கோ ஒரு மாட்யூல்தான், மற்றதெல்லாம் நன்றாகவே இருந்திருக்கும். அந்தச் 'செத்த' டம்ப் கையில் இருந்தால் நல்ல துண்டுகளை வெட்டி எடுத்துப் புது இமேஜில் வைத்து ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். அவன் இறக்கிய டம்பிலோ எம்இ பகுதி கெட்டிருந்தது, எம்இ ஒழுங்காக எழாவிட்டால் பல இன்டெல் போர்டுகள் 30 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். எம்இ-யைச் சுத்தமானதாக மாற்றி, சீரியலையும் மேக் முகவரியையும் ஸ்டிக்கரைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். விண்டோஸ் கீ? டிஸ்கையும் ஃபார்மட் பண்ணிவிட்டிருந்தான், போனது போனதுதான்.

டம்ப் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சார்ஜர், பேட்டரி, சிமாஸ் பேட்டரி மூன்றையும் கழற்றிவிட்டு ஒரு தடவை படியுங்கள், கிளிப்பை எடுத்து மறுபடி மாட்டி இன்னொரு தடவை படியுங்கள், இரண்டின் ஹேஷும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் கோட்டை விடுவது. கிளிப் சரியாகப் பிடிக்காமல் வெறும் எஃப்எஃப் (காலி பைட்) மட்டும் நிரம்பிய இரண்டு ஃபைல்களுக்கும் ஒரே ஹேஷ்தான் வரும்! ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருள்) திறந்து இரண்டாவது வரியின் தொடக்கத்தில் 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் இருக்கிறதா பாருங்கள், அதுதான் இன்டெல் டிஸ்கிரிப்டரின் அடையாளம். 8 எம்பி சிப் என்றால் ஃபைல் அளவு 83,88,608 பைட், ஒன்று கூடவோ குறையவோ கூடாது. இதையெல்லாம் பார்த்த பிறகு பென்டிரைவில் ஒரு பிரதி, மெயிலில் ஒரு பிரதி. அதற்கப்புறம் எரேஸ் பட்டனைத் தொடலாம்.

1.8 வோல்ட் சிப்பில் நேராகக் கிளிப்பை மாட்டுவது

சிப்பின் மேல் எழுதியிருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். வின்பாண்டில் எஃப்வி, ஜேவி என்றால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்றால் 1.8. மேக்ரோனிக்ஸில் 25எல் என்றால் 3.3, 25யு என்றால் 1.8. 1.8-க்குத் தனி அடாப்டர் வேண்டும். போதாக்குறைக்கு, அந்தக் கறுப்பு நிற சிஎச்341ஏ போர்டு சப்ளையை 3.3 என்று காட்டினாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட்டைத் தள்ளும்.

கம்பெனி தரும் ஃபைலை அப்படியே எழுதுவது

ஆசஸ் மதர்போர்டுகளின் கேப் (.cap) ஃபைலில் முன்னால் 2048 பைட் தலைப்பு ஒட்டியிருக்கும். யுஇஎஃப்ஐடூல் என்ற, பயாஸ் ஃபைலைப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து எழுதுங்கள். லேப்டாப் அப்டேட் பலவற்றில் பயாஸ் பகுதி மட்டும்தான் இருக்கும், 16 எம்பி சிப்புக்கு 6 எம்பி ஃபைல் வந்தால் அதுதான் காரணம், அதை முதல் பைட்டிலிருந்து எழுதினால் டிஸ்கிரிப்டர் காலி.

பிட்லாக்கரை மறப்பது

பிட்லாக்கர் விண்டோஸின் டிஸ்க் பூட்டு, பயாஸ் மாறினால் ரெகவரி கீயைக் கேட்கலாம். அதை முதலில் எழுதி வையுங்கள்.

வெரிஃபை முடியும் முன் கிளிப்பைக் கழற்றுவது

எழுதியது சரியாக விழுந்ததா என்று புரோகிராமர் திரும்பப் படித்துப் பார்ப்பதுதான் வெரிஃபை. அது முடியும் வரை கழற்றாதீர்கள்.

பூட் கார்டு இருக்கிற மெஷினில் மாட் பண்ணுவது

பூட் கார்டு (Boot Guard) என்பது பயாஸ் மாற்றப்பட்டிருக்கிறதா என்று எழும்போதே சோதிக்கும் காவல், நான்காம் தலைமுறை இன்டெல்லிலிருந்து வந்தது இது. தயாரிப்பாளர் தன் சாவியின் ஹேஷைச் சிப்செட்டிலேயே எரித்து வைத்திருந்தால், பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஒரு பைட் மாறினாலும் லேப்டாப் எழாது, புரோகிராமர் வைத்து எத்தனை தடவை எழுதினாலும் அதேதான். எம்இஇன்ஃபோவை (எம்இ-யின் நிலையைக் காட்டும் இன்டெல் கருவி) ஓட்டி முதலிலேயே பாருங்கள். வெரிஃபைடு பூட் எனேபிள் என்று இருந்தால் அந்த வைஃபை கார்டை விட்டுவிட்டு வைட்லிஸ்டில் உள்ள கார்டையே வாங்கிப் போடுங்கள்.