சுறாப்பல் தெரியாமல் சைக்கிள் எடுக்காதீர்கள்: வன்னி மோட்டார் சைக்கிள்காரர் நெதர்லாந்தில் விடும் பிழைகள்

ஒட்டுசுட்டானில் வீடு, மாங்குளத்தில் வேலை. ஏ34 வீதியில் எந்த வளைவில் மாடு படுத்திருக்கும், எந்த இடத்தில் இருட்டினால் யானை குறுக்கிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இருபது வருசமாக மோட்டார் சைக்கிள் ஓடுகிற அந்தத் துணிவில்தான், உத்ரெக்ட் நகரத்தில் அக்கா வீட்டில் போய் இறங்கிய அடுத்த நாள் காலையே அவவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

"தம்பி, கவனம். இஞ்ச ஓடுறது வேற மாதிரி."

"சைக்கிள்தானே அக்கா."

பத்து நிமிடத்துக்குள் மூன்று பேரிடம் ஏச்சு வாங்கினேன். அவர்களுடைய மொழி எனக்கு விளங்கவில்லை. ஏச்சு என்பது நன்றாக விளங்கியது.

நெதர்லாந்தில் சனத்தொகை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம். சைக்கிள்கள் 2 கோடியே 30 லட்சத்துக்குக் கிட்ட. ஆகவே உறவினர் வீட்டுக்குப் போகிற எவருக்கும் ஒரு சைக்கிள் கிடைக்கும். நீங்கள் கேட்காவிட்டாலும் தந்துவிடுவார்கள். அதை எடுத்து ஓடும்போது அதிகம் பிழை விடுகிறவர் சைக்கிள் பழகாதவர் அல்ல. அவர் பயந்து பயந்து ஓரமாக உருட்டிக்கொண்டு போய்விடுவார். பிழை விடுகிறவர் எங்களைப் போன்ற மோட்டார் சைக்கிள்காரர். எங்களுக்குப் பயமில்லை, கையும் காலும் கேட்காமலே வேலை செய்யும். அதுதான் ஆபத்து.

கை, கால் செய்யும் வேலை

முதலாவது, பக்கம். அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். சனம் நிறைந்த வீதியில் பிழை வராது, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு போனால் சரி. வெறும் வீதியில்தான் வரும். விடியக்காலையில் பாண் வாங்கிக்கொண்டு கடையிலிருந்து வெளியே வருகிறீர்கள், ஒரு குருவி இல்லை, உடம்பு தன்பாட்டில் இடப்பக்கத்துக்குப் போய்விடும். இடப்பக்கம் திரும்பி இன்னொரு வீதிக்குள் நுழையும்போதும் அதே கதைதான். நான் கண்டுபிடித்த வழி, வற்றாப்பளை அம்மன் கோயிலில் வலக்கையில் கட்டிய நூல். வெளிக்கிடும்போதும் திரும்பும்போதும் அதைப் பார்ப்பேன். நூல் இருக்கிற பக்கம்தான் என் பக்கம். நூல் இல்லாதவர் ஒரு றப்பர் வளையமாவது போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பிறேக். அக்காவின் சைக்கிள், பெரிய ஹாண்டில், நிமிர்ந்து இருந்து ஓடும் பழைய கறுப்புச் சாதி. கையில் பிறேக் இல்லை. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின்சில்லு பிடிக்கும். அவ சொல்லித்தான் தந்தா, நானும் தலையாட்டினேன். ஆனால் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம் இருக்கிறதல்லவா: இறக்கத்தில் சைக்கிள் தன்பாட்டில் உருளும்போது, சும்மா பெடலைப் பின்னுக்குச் சுற்றி 'டிக் டிக் டிக்' என்று சத்தம் கேட்பது. அந்தத் தட்டையான நாட்டில் இறக்கம் என்பது வாய்க்கால் பாலங்களில் மட்டும்தான். முதல் பாலத்தில் இறங்கும்போது கால் தன் பழைய விளையாட்டைக் காட்டியது. பின்சில்லு இறுகி, சைக்கிள் நின்ற இடத்தில் நின்றது. பின்னால் வந்த மனுசி, முன்பக்கப் பெட்டிக்குள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மயிரிழையில் விலகிப் போனா.

இந்தப் பிறேக்கில் இன்னொரு சங்கதி உண்டு. நின்ற பிறகு பெடலைப் பின்னுக்குச் சுற்றி, காலுக்கு வசதியான உயரத்துக்குக் கொண்டுவர முடியாது. பச்சை விழுந்து எல்லாரும் கிளம்பும்போது, நான் மட்டும் கீழே கிடந்த பெடலை உதைத்துக்கொண்டு நின்றேன். பின்சில்லைச் சற்றுத் தூக்கி, பெடலை முன்னுக்குச் சுற்றி எடுக்க வேண்டும். அல்லது, நிற்கும்போதே வலக்கால் பெடல் மேலே இருக்கும்படி பார்த்து நிற்கப் பழக வேண்டும். இரண்டாவதுதான் நல்லது. அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். வீட்டுக்கு முன்னால் பழகுங்கள், சந்தியில் பழகாதீர்கள்.

கைப்பிறேக் உள்ள சைக்கிள் கிடைத்தால் தப்பினோம் என்று நினைக்க வேண்டாம். மருமகளின் சைக்கிளில் இடக்கைப் பிறேக் முன்சில்லுக்கு. மோட்டார் சைக்கிள்காரனின் இடக்கைக்கு வேகம் குறையும்போது ஒரே வேலைதான் தெரியும், கிளச்சை முழுதாக இழுப்பது. நான் இழுத்தேன். விழவில்லை, ஆனால் நெஞ்சு ஹாண்டிலில் போய் முட்டியது. எந்தப் பிறேக் எந்தச் சில்லுக்கு என்று ஏற முதல் உருட்டிப் பார்த்துவிடுங்கள்.

பெரியது முதலில் என்ற நினைப்பு

இதுதான் எங்கள் ஆட்கள் விடுகிற பெரிய பிழை. மற்றதெல்லாம் இரண்டு நாளில் சரியாகும், இது ஆகாது.

எங்கள் வீதியில் யார் முதலில் போவது என்பதைச் சில்லின் அளவு தீர்மானிக்கிறது. பஸ் முந்திக்கொண்டு எதிரே வந்தால் மோட்டார் சைக்கிள் கிரவலுக்குள் இறங்க வேண்டும். மோட்டார் சைக்கிள் வந்தால் சைக்கிள் இறங்க வேண்டும். ரிப்பர் வந்தால் எல்லாரும் இறங்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஏ9 வீதியில் உயிரோடு வீட்டுக்குப் போகிறவர் இந்த முறையில்தான் போகிறார்.

அங்கே நிலத்தில் இருக்கிற அடையாளம் தீர்மானிக்கிறது. வீதிக்குக் குறுக்கே வரிசையாக வெள்ளை முக்கோணங்கள் போட்டிருப்பார்கள். அந்த நாட்டார் அதைச் சுறாப்பல் என்றுதான் சொல்கிறார்கள். முனை உங்களைப் பார்த்திருந்தால் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். முனை மற்றவரைப் பார்த்திருந்தால் அவர் விட்டுக்கொடுப்பார், அவர் ஓடுவது பென்ஸ் காராக இருந்தாலும் சரி. சுறாப்பல்லும் இல்லை, பலகையும் இல்லை, சிக்னலும் இல்லை என்றால், உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவர் முதலில் போவார். இது 2001 மே முதலாம் திகதியிலிருந்து சைக்கிளுக்கும் பொருந்தும். அதற்கு முதல், மோட்டார் வாகனத்துக்குச் சைக்கிள்தான் வழிவிட வேண்டியிருந்தது. வலப்பக்க விதி ட்ராமுக்குப் பொருந்தாது. ட்ராம் வந்தால் நில்லுங்கள்.

சுற்றுவட்டங்களில் இன்னும் கவனம். ஊருக்குள் பெரும்பாலும் சைக்கிளுக்கு முன்னுரிமை, ஊருக்கு வெளியே பெரும்பாலும் இல்லை. அங்கேயும் சுறாப்பல்லைத்தான் பார்க்க வேண்டும்.

இது தெரியாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கார் பக்க வீதியிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் சுறாப்பல். கார் நின்றது. நானும் மரியாதையாக நின்று, "போங்கோ" என்று கையைக் காட்டினேன். காரோட்டி எனக்குக் கையைக் காட்டினார். நான் அவருக்குக் காட்டினேன். இந்த உபசாரம் நடந்துகொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் எட்டு சைக்கிள்கள் சேர்ந்துவிட்டன. காலையில் வாங்கிய மூன்று ஏச்சில் ஒன்று இதற்குத்தான்.

உங்கள் முறை வந்தால் போய்விட வேண்டும். அங்கே தயங்குவது பணிவு இல்லை. பின்னால் வருகிறவர் நீங்கள் போவீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் வருகிறார், நீங்கள் நின்றால் அவர் உங்களில் ஏறுவார். சந்தியில் வேகத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், ஒரே சீராகப் போங்கள். மோட்டார் சைக்கிளில் முறுக்கி இடைவெளிக்குள் நுழைகிற வித்தை அங்கே ஒன்றுக்கும் உதவாது.

வேகம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2017இல் உத்ரெக்டின் ஆம்ஸ்டர்டாம்செஸ்ட்ராட்வெக் வீதியில், சிக்னலுக்கு முன்னால் ஒரு கம்பம் நட்டார்கள். வருகிற சைக்கிளின் வேகத்தை அளந்து அது படம் காட்டியது. முயல் வந்தால் கொஞ்சம் விரைவாக மிதி, ஆமை வந்தால் மெதுவாக வா, கட்டைவிரல் வந்தால் இப்படியே வா, பச்சை கிடைக்கும். மாடு வந்தால் நீ என்ன செய்தாலும் சிவப்புத்தான். எங்கள் பக்கமும் மாடு தெரிந்தால் நிற்கத்தானே வேண்டும்.

சத்தம், கை, தண்டவாளம்

ஹோர்ன் எங்களுக்கு ஒரு பாசை. மாட்டை எழுப்ப, தெரிந்தவருக்குச் சுகம் கேட்க, முந்தப்போகிறேன் என்று சொல்ல, கோபத்தைக் காட்ட. அங்கே சைக்கிள் மணி ஒரு தடவை, 'டிங்', முந்தும்போது. அவ்வளவுதான். இரண்டாவது தடவை அடித்தால் சண்டைக்கு வருகிறீர்கள் என்று அர்த்தம். சைக்கிள் பாதையின் சிவப்புத் தாரில் நடந்து போகிற ஆட்களுக்கு மட்டும் தொடர்ந்து அடிப்பார்கள். அப்படி உங்களுக்கு அடித்தால் நீங்கள் சைக்கிள் பாதையில் நடக்கிறீர்கள் என்று விளங்கிக்கொண்டு ஓரத்துக்கு ஏறுங்கள்.

திரும்பும்போது கையை நீட்ட வேண்டும். சிக்னல் லைட்டுக்குப் பழகிய எங்கள் பெருவிரல் இடக்கைப் பிடியில் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்.

படம் எடுக்கிற ஆசையை அடக்குங்கள். ஓடும்போது கையில் போன் வைத்திருப்பது 2019 ஜூலை 1ஆம் திகதியிலிருந்து சைக்கிளுக்கும் குற்றம். தண்டப்பணத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் உங்கள் பல்சருக்குச் சில மாதப் பெற்றோல் காசு. நின்று எடுப்பதென்றால் பாதையை விட்டு முழுதாக இறங்கி எடுக்க வேண்டும். இரவில் முன்னுக்கு வெள்ளையும் பின்னுக்குச் சிவப்பும் எரிய வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் ட்ராம் தண்டவாளத்தைக் கவனிக்கவும். கிளிநொச்சி ரயில் கடவையை மோட்டார் சைக்கிளில் கடக்கும்போது ஒரு குலுக்கல் மட்டும்தான், அந்த ரயர் அகலம். சைக்கிள் ரயர் தண்டவாளப் பள்ளத்துக்குள் அப்படியே இறங்கிவிடும். இறங்கினால் ஹாண்டில் உங்கள் சொல் கேட்காது. கூடியவரை குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும். மழை நாளில் இறங்கி உருட்டினாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மோட்டார் சைக்கிள் ஆசை வந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் பாதைக்குள் மோட்டார் சைக்கிள் போக முடியாது. நீல இலக்கத்தகடு போட்ட, 25 கிலோமீற்றர் வேகச் சின்ன ஸ்கூட்டர் பாதைக்குள் ஓடுவதைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். அதற்கும் 2023 ஜனவரி 1 முதல் ஹெல்மெட் கட்டாயம். ஆம்ஸ்டர்டாம் நகருக்குள் அதை 2019 ஏப்ரலிலேயே கார் வீதிக்குத் தள்ளிவிட்டார்கள்.

விட்ட இடம் மறந்தால்

உத்ரெக்ட் ரயில் நிலையத்துக்குக் கீழே மூன்று தட்டில் ஒரு சைக்கிள் தரிப்பிடம் இருக்கிறது. 2019இல் முழுதாகத் திறந்தது, 12,500 சைக்கிள்கள் நிற்கும். ஓடிக்கொண்டே உள்ளே போகலாம், முதல் 24 மணித்தியாலம் இலவசம், எந்த வரிசையில் எத்தனை இடம் வெறுமை என்று எழுத்து ஒளிரும். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு விட்டுவிட்டு மேலே போனேன். திரும்பி வந்தபோது என் முன்னால் நின்றவற்றில் பாதி கறுப்புச் சைக்கிள்கள், பெரிய ஹாண்டில், நிமிர்ந்த சாதி. அரை மணித்தியாலம் தேடியும் கிடைக்காமல் மருமகளுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, வரிசை நம்பரைப் படம் எடுக்கேல்லையோ?"

எடுக்கேல்லை, பிள்ளை. வேப்ப மர நிழலில் விட்டுப் பழகிய எனக்கு வரிசை நம்பர் எப்படி ஞாபகம் வரும்? படம் எடுங்கள். கரியரில் ஒரு நிறத் துணியும் கட்டுங்கள். வெளியே கண்ட இடத்தில் விட்டால் நகரசபை தூக்கிக்கொண்டு போய்விடும். பூட்டு இரண்டு வேண்டும், பின்சில்லில் இருக்கிற வளையப் பூட்டு ஒன்று, அசையாத எதிலாவது சேர்த்துக் கட்டுகிற சங்கிலி ஒன்று.

அவர்கள் பிறவியிலேயே அப்படி என்ற பிழை

திரும்பி வந்து கதை சொல்லும்போது விடுகிற பிழை இது. "வெள்ளைக்காரன் ஒழுங்கானவன், எங்கட சனம் திருந்தாது" என்று சந்தியில் நின்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் விமானத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அத்தான் சொன்ன கதை வேறு. 1971இல் அந்த நாட்டு வீதிகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் பிள்ளைகள். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர் வீதியை மறித்தார்கள். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை விதித்தார்கள். அதே உத்ரெக்டில் ஒரு பழைய வாய்க்காலை 1970களில் மூடிக் காருக்கு அகல வீதி போட்டார்கள். பிறகு அந்த வீதியைத் தோண்டி எடுத்து, 2020இல் வாய்க்காலை முழுதாகத் திரும்பத் திறந்தார்கள். வீதி போட்டதும் அவர்கள்தான், கிளறியதும் அவர்கள்தான்.

எண்ணெய் இல்லாமல் போனதெல்லாம் எங்களுக்குப் புதிதா? பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் நாங்கள். ஸ்ரார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். நெல்லு மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து கிழமைக்கு 4 லீற்றர் என்றபோது, கொட்டிலில் கிடந்த லுமாலா சைக்கிளுக்கு நானும் ரியூப் மாற்றினேன். பெற்றோல் வந்ததும் திரும்பக் கொட்டிலில் போட்டேன். வெயிலையும் தூரத்தையும் சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் ஒட்டுசுட்டான் சந்திக்குத் தேத்தண்ணி குடிக்கப் போகிற தூரத்துக்கு அந்தச் சமாளிப்பு செல்லாது, எனக்கே தெரியும். எதிர்க்காற்றையும் சொல்ல முடியாது. அவர்களுடைய காற்று எங்கள் சோளகத்துக்குக் குறைந்ததில்லை.

இன்னுமொன்று. மூன்று கிழமை வலப்பக்கம் ஓடிய உடம்பு விமானத்தில் மாறிவிடாது. வந்த மறுநாள் விடியப்புறம் கேற்றைத் திறந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வீதியில் ஒரு குருவி இல்லை. கையில் நூல் இருந்தது, நானும் அதைப் பார்த்துத்தான் திரும்பினேன். எதிரே வந்த உழவு இயந்திரம் அரை அடி தள்ளி நின்றது. ஓட்டி வந்த பொடியன் இருக்கையை விட்டு எழும்பாமலே கேட்டான்.

"என்னண்ணை, விடிய வெள்ளனவே வெறியோ?"