அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் சர்வே நம்பர் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் வருஷம் வந்தாலே டிசம்பர், ஜனவரியில டைம்லைன் முழுக்க ஒரே மாதிரி ஸ்கிரீன்ஷாட்டா வந்து விழும். இன்னார் அயோவால 5 பாயிண்ட் முன்னிலை, இன்னொருத்தர் நியூ ஹாம்ப்ஷயர்ல சரிவுன்னு போட்டிருப்பாங்க, கீழ கமெண்ட்ல ரெண்டு கோஷ்டி அடிச்சிக்கும். இதுல என்ன கொடுமைன்னா நவம்பர் பொதுத்தேர்தல் சர்வேய எப்படிப் படிப்போமோ அதே மாதிரியே இதையும் படிக்கிறாங்க. இது வேற ஆட்டம். பிரைமரின்னா ஒரு கட்சி தன்னோட அதிபர் வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ண மாநிலம் மாநிலமா நடத்துற உட்கட்சித் தேர்தல், வழக்கமா அதுல முதல்ல வந்த மாநிலங்கள்தான் இந்த ரெண்டும். நவம்பர்ல முக்கால்வாசிப் பேரு கட்சியப் பாத்தே முடிவு பண்ணிடுவாங்க, ஆனா பிரைமரியில நிக்கிற எல்லாருமே ஒரே கட்சிக்காரங்க, அதனால இவர விட்டு அவருக்குப் போறதுல யாருக்கும் மனஉறுத்தல் கிடையாது, போதாக்குறைக்கு ஓட்டு போட யாரு வருவாங்கங்கிறதே கடைசி வரைக்கும் உறுதி இல்ல. ஸ்கிரீன்ஷாட்ல வர்ற ஒவ்வொரு சதவீத நம்பருக்குள்ளயும் ரெண்டு கணிப்பு இருக்கு: யாரு வருவாங்க, வர்றவங்க யாருக்குப் போடுவாங்க. நாம எல்லாரும் ரெண்டாவதுக்கு மட்டும் சண்டை போடுறோம்.

முதல்ல சின்னத் தப்பு ஒண்ணு, சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடுறேன். தேசிய அளவுல எடுத்த சர்வேய வெச்சு அயோவாவுக்கு ஆரூடம் சொல்லக்கூடாது. 2007ல ரிப்பப்ளிகன் பக்கம் தேசிய சர்வேக்கள்ல பெரும்பாலான மாசம் முன்னாடி இருந்தது ரூடி ஜூலியானி, நியூயார்க் முன்னாள் மேயர், 9/11 ஹீரோ. 2008 ஜனவரியில அயோவால ஆறாவது இடம், நியூ ஹாம்ப்ஷயர்ல நாலாவது, ஃப்ளோரிடால மூணாவது, அதோட மூட்டையக் கட்டிட்டாரு. மத்த 48 மாநிலத்துல பேரு தெரிஞ்ச முகத்துக்குத்தான் டிக் அடிப்பாங்க. இந்த ரெண்டு மாநிலத்துலயும் வேட்பாளர் ஹோட்டல் ஹோட்டலா வந்து கை குடுத்துட்டுப் போயிருப்பாரு, அங்க கணக்கே வேற.

இப்ப மெயின் மேட்டர். 'கண்டிப்பா வருவேன்'னு சொல்றவங்க எல்லாரும் வருவாங்கன்னு நெனைக்கிறதுதான் இதுல பெரிய தப்பு. அயோவால நடக்கிறது சாதாரண ஓட்டு இல்ல, காகஸ். ஜனவரி குளிர்ல, ராத்திரி 7 மணிக்கு, ஸ்கூல் ஜிம்லயோ சர்ச் ஹால்லயோ நேர்ல போய் உக்காந்து பேச்செல்லாம் கேட்டுட்டுதான் தேர்ந்தெடுக்கணும், காலையில ஆபீஸ் போற வழியில ஒரு குத்து குத்திட்டுப் போற கதையே கிடையாது. 2024 ஜனவரி 15ல கடுங்குளிர், ரிப்பப்ளிகன் காகஸுக்கு வந்தது சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர், 2016ல அதே கட்சிக்கு 1 லட்சத்து 87 ஆயிரம் பேர் வந்திருந்தாங்க. அதே மாநிலம், அதே கட்சி, கூட்டம் மட்டும் இவ்ளோ ஆடுது. போன்ல கேக்கும்போது சோஃபால உக்காந்துக்கிட்டு 'ஓ கண்டிப்பா போவேன்'னு சொல்றதுக்கு என்ன செலவு?

அதனால ஒவ்வொரு சர்வே கம்பெனியும் 'வரக்கூடியவங்க' யாருன்னு ஒரு வடிகட்டி வெச்சிருக்கும். ஒருத்தர் போன தடவை வந்தவங்கள மட்டும் எடுப்பாரு, ஒருத்தர் வாயால சொல்றத அப்படியே நம்புவாரு. இந்த வடிகட்டிய மாத்தினா லீடிங்கே மாறிடும், ஆனா ஸ்கிரீன்ஷாட்ல அது வராது. 2008 டெமாக்ரட் காகஸுக்கு முன்னாடி நடந்ததுதான் இதுக்கு பெஸ்ட் உதாரணம். அயோவாவோட டிமோய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகைக்கு ஆன் செல்சர்ங்கிற சர்வே நிபுணர் எடுத்த கடைசி சர்வே ஒபாமா 32, ஹிலாரி 25, எட்வர்ட்ஸ் 24ன்னு வந்துச்சு. மத்தவங்க எடுத்ததுல எல்லாம் நெருக்கமா இருக்க, இதுல மட்டும் இவ்ளோ இடைவெளி எப்படின்னு தோண்டினா, அவங்க சாம்பிள்ல வர்றேன்னு சொன்னவங்கள்ல 60% பேரு அதுவரைக்கும் காகஸ் பக்கமே போகாதவங்க. எதிர் கேம்ப்காரங்க சிரிச்சாங்க, இவ்ளோ புது ஆளுங்க எங்க வரப்போறாங்கன்னாங்க. வந்தாங்க. 2004ல 1 லட்சத்து 24 ஆயிரமா இருந்த கூட்டம் 2008ல சுமார் 2 லட்சத்து 40 ஆயிரமாச்சு, ஒபாமா கிட்டத்தட்ட 8 பாயிண்ட்ல ஜெயிச்சாரு. போன தேர்தல் கூட்டத்த அச்சா வெச்சுக்கிட்டு கணக்கு போட்டவங்க கண்ணுல அந்தக் கூட்டம் படவே இல்ல.

நியூ ஹாம்ப்ஷயர்ல இந்தக் குழப்பம் வேற ரூபத்துல வரும். அங்க பதிவு பண்ண வாக்காளர்கள்ல 40% வரைக்கும் எந்தக் கட்சின்னும் சொல்லாதவங்க, 'அண்டிக்ளேர்ட்'னு சொல்லுவாங்க. இவங்க பிரைமரி அன்னிக்கு எந்தக் கட்சியோட ஓட்டுச்சீட்ட வேணாலும் வாங்கிப் போடலாம், போட்டுட்டு வெளிய வரும்போது மறுபடி கட்சி சாராதவராவே மாறிக்கலாம், அன்னிக்கே பேரு பதிவு பண்ணிட்டுக்கூட ஓட்டு போடலாம். அதனால ரிப்பப்ளிகன் சர்வே ஒண்ணத் தனியா எடுத்துப் பாத்தா பாதிக் கதைதான் தெரியும், பக்கத்து வீட்டுல அதாவது டெமாக்ரட் பக்கம் போட்டி எப்படின்னும் பாக்கணும். 2000ல இந்தக் கூட்டம் மெக்கெய்ன் பக்கம் குவிஞ்சு அவரு ஜார்ஜ் புஷ்ஷ 18 பாயிண்ட்ல அடிச்சாரு. 2024ல டெமாக்ரட் பக்கம் பெருசா போட்டியே இல்ல, பைடன் பேரு ஓட்டுச்சீட்டுலயே இல்லாம கையால எழுதிப் போட்டு ஜெயிக்க வெச்சாங்க, அப்ப சும்மா இருந்த அண்டிக்ளேர்ட் ஆளுங்கள்ல நிறையப் பேரு ரிப்பப்ளிகன் சீட்டு வாங்கி ட்ரம்ப்ப எதிர்த்து நின்ன நிக்கி ஹேலிக்குப் போட்டாங்க. கடைசி சர்வேக்கள் நிறையவே ட்ரம்ப்புக்கு 15, 20 பாயிண்ட் லீடு காட்டுச்சு, ரிசல்ட் 11.

அடுத்தது தேதி. சர்வே வெளியான தேதிய பாக்காதீங்க, ஆளுங்களக் கேட்ட தேதியப் பாருங்க. பிரைமரியில கடைசி ரெண்டு வாரம்ங்கிறது ஒரு யுகம். 2004 ஜனவரி ஆரம்பத்துல கூட அயோவால ஹோவர்ட் டீன்தான் ஜெயிப்பாருன்னு பேச்சு, 19ஆம் தேதி காகஸ்ல கெர்ரி 38, எட்வர்ட்ஸ் 32, டீன் 18. 2011ல ரிப்பப்ளிகன் பக்கம் பாருங்க, ரங்கராட்டினம் மாதிரி சுத்துச்சு: அக்டோபர்ல ஹெர்மன் கெய்ன் முதலிடம், டிசம்பர் ஆரம்பத்துல கிங்ரிச், இவங்க ரெண்டு பேருல ஒருத்தரும் அயோவால ஜெயிக்கல. 2012 ஜனவரி 3 ராத்திரி ரோம்னி 8 ஓட்டுல ஜெயிச்சாருன்னு சொன்னாங்க, அப்புறம் எல்லாம் சரிபார்த்ததுல சான்டோரம் 34 ஓட்டு முன்னாடி. இந்த சான்டோரம் பாதி சீசன் வரைக்கும் ஒத்தை இலக்கத்துல கிடந்த ஆளு. ரெஜிஸ்டரோட கடைசி சர்வேயில அவருக்கு மொத்தமா 15%, ஆனா அதே சர்வேயில கடைசி ரெண்டு நாள் பேசினவங்கள மட்டும் பிரிச்சுப் பாத்தா 21%. நாலு நாள் சராசரிக்குள்ள அந்த ஏறுமுகம் அமுங்கிக் கிடந்துச்சு.

2008 நியூ ஹாம்ப்ஷயர் பத்திப் பேசாம இந்தத் தலைப்ப முடிக்க முடியாது. அயோவா ஜெயிச்ச வேகத்துல ஒபாமா சர்வே சராசரியில 8 பாயிண்ட் கிட்ட முன்னாடி இருந்தாரு, ஜனவரி 8ஆம் தேதி ஹிலாரி 39, ஒபாமா 36.5. அன்னிக்கு ராத்திரியே டிவில ஆளாளுக்கு 'கறுப்பின வேட்பாளருக்குப் போடுறேன்னு வெள்ளைக்காரங்க சர்வேயில பொய் சொல்லிட்டாங்க'ன்னு தீர்ப்பு எழுதிட்டாங்க. போல்ஸ்டர்களோட, அதாவது சர்வே எடுக்கிறவங்களோட சங்கம் கமிட்டி போட்டு விசாரிச்சு 2009ல ரிப்போர்ட் குடுத்துச்சு, அதுல இனத்தப் பத்தின அந்தப் பொய்தான் காரணம்னு சொல்ல பெருசா ஆதாரம் இல்ல. கடைசி நேரத்துல முடிவு பண்ணவங்க இருந்தாங்க, போன் அடிச்சதும் முதல் தடவையே எடுக்கிறவங்கள்ல ஒபாமா ஆதரவாளர் கொஞ்சம் அதிகமா இருந்தாங்க, திரும்பத் திரும்பக் கூப்பிட நேரமில்லாத அவசர சர்வேயில அந்தச் சாய்வு அப்படியே தங்கிடும். ஓட்டுச்சீட்டுல பேரு வரிசை கூட ஒரு காரணமா இருக்கலாம்னாங்க, முன்னெல்லாம் இடத்துக்கு இடம் பேர மாத்தி மாத்தி அச்சடிப்பாங்க, அந்த வருஷம் எல்லா இடத்துலயும் ஒரே வரிசை, ஹிலாரி பேரு மேல, ஒபாமா பேரு ரொம்பக் கீழ. இதுல யாரும் கவனிக்காத விஷயம், அதே நாள்ல அதே கம்பெனிங்க எடுத்த ரிப்பப்ளிகன் சர்வேக்கள் மெக்கெய்ன் ஜெயிப்பாருன்னு கிட்டத்தட்ட சரியாவே சொல்லுச்சு. அதனால 'சர்வேயே டுபாக்கூர்'னு மொத்தமா அடிச்சு விடுறதும் தப்புதான்.

மார்ஜின் ஆஃப் எரர், அதாவது கொஞ்சப் பேர மட்டும் கேக்கிறதால நம்பர் மேலயோ கீழயோ எவ்ளோ தள்ளிப் போகலாம்ங்கிற அளவு, இந்த விஷயத்துல முக்காவாசிப் பேரு தடுமாறுறாங்க. 400 பேர்கிட்ட கேட்டா அது சுமார் ±5. இது ஒவ்வொரு வேட்பாளரோட நம்பருக்கும் தனித்தனியா, ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற இடைவெளிக்கு இல்ல. ஏ 30, பி 26ன்னு வந்தா அந்த 4 பாயிண்ட் இடைவெளிக்கு ±7 வரைக்கும் போகும், அதாவது பி 3 பாயிண்ட் முன்னாடி இருக்கலாம், ஏ 11 பாயிண்ட் முன்னாடி இருக்கலாம், ரெண்டும் நடக்கக்கூடியதுதான். அந்த 400 பேருல இளைஞர்கள் 60 பேருன்னு வெச்சுக்கோங்க, 'இளைஞர்கள் மத்தியில இவருக்கு அலை'ன்னு தலைப்பு போட்டா அதுக்கு ±13. இதெல்லாம் சாம்பிள் சைஸ் பண்ற பிழை மட்டும், மேல சொன்ன வடிகட்டிப் பிழை இதுல சேரவே சேராது.

இத விட காமெடி என்னன்னா கட்சிகளே இந்தத் தப்பப் பண்ணுது. 2019 டிசம்பர் டிபேட்டுக்கு டெமாக்ரட் கட்சி வெச்ச தகுதியில ஒரு வழி நாலு சர்வேயில 4%, இன்னொரு வழி முதல்ல ஓட்டு போடுற மாநில சர்வே ரெண்டுல 6%. 500 பேரு சர்வேயில 4%ங்கிறது 20 பேரு. ஒருத்தர் 3.4 எடுத்தா 3ன்னு ரவுண்டு ஆகும், 3.6 எடுத்தா 4ன்னு ஆகும், அந்த வித்தியாசம் ஒரே ஒரு ஆளு போன எடுத்தாரா குளிச்சிட்டு இருந்தாரான்னு தீர்மானிக்கிற அளவுதான், அத வெச்சு ஒருத்தர் மேடையில ஏறுறாரு, இன்னொருத்தருக்கு நன்கொடை நின்னுபோகுது.

டெமாக்ரட் காகஸ்னா இன்னொண்ணு சேத்துக்கணும், ரெண்டாவது சாய்ஸ். 2020 வரைக்கும் நடந்த முறையில ஒரு இடத்துல 15% கூட தேறாத வேட்பாளரோட ஆளுங்க வேற கோஷ்டிக்கு மாறணும். சர்வே கேட்டது முதல் சாய்ஸ், வெளிய சொன்ன முக்கிய ரிசல்ட் ஆளுங்க இப்படி மாறினதுக்கு அப்புறம் இருந்தது. 2004ல ரெஜிஸ்டர் சர்வே கெர்ரி 26, எட்வர்ட்ஸ் 23, டீன் 20, கெப்ஹார்ட் 18. வரிசை அப்படியே பலிச்சுது, ஆனா ரிசல்ட்ல கெப்ஹார்ட் 11க்கு இறங்கிட்டாரு, கெர்ரி 38க்கு ஏறிட்டாரு. சர்வேயில தனியா கிடந்த 'முடிவு பண்ணல' ஆளுங்களும் ஹாலுக்குள்ள இடம் மாறினவங்களும் எங்கேயோ போய்த்தானே சேரணும், அதனால அந்த 38 பெருசா ஆச்சரியமில்ல.

ஸ்ட்ரா போல்னு ஒண்ணு அடிக்கடி சர்வேன்னு ஷேர் ஆகும், அது சர்வேயே இல்ல, கட்சி விழாவுக்கு டிக்கெட் வாங்கி வந்தவங்க போடுற ஓட்டு, அந்த டிக்கெட்டையும் பல சமயம் வேட்பாளர்களே வாங்கிக் குடுப்பாங்க. 2011 ஆகஸ்ட்ல அயோவாவோட ஏம்ஸ் ஊர்ல அத ஜெயிச்ச மிஷேல் பாக்மன் காகஸ்ல 5%.

அப்புறம் ஆளப் பாத்து நம்புறது. ஆன் செல்சர் எடுத்தா வேதவாக்குன்னு ரொம்ப வருஷம் பேச்சு, அந்தப் பேரு அவங்க சம்பாதிச்சதுதான். அவங்களே 2016 ரிப்பப்ளிகன் காகஸுக்கு ட்ரம்ப் 28, குரூஸ் 23ன்னாங்க, வந்தது குரூஸ் 28, ட்ரம்ப் 24. 2020ல கடைசி சர்வேய வெளியிடுறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி நிறுத்திட்டாங்க, காரணம் என்னன்னா ஒரு கால் சென்டர் ஊழியர் ஸ்கிரீன்ல எழுத்து பெருசா தெரியட்டும்னு ஃபாண்ட் சைஸ ஏத்த, லிஸ்ட்ல கடைசியா இருந்த பேரு கீழ மறைஞ்சுபோச்சு, புட்டஜெஜ் பேரே வாசிக்கலைன்னு புகார் வந்துடுச்சு. எத்தன கால்ல அப்படி ஆச்சுன்னு உறுதியா சொல்ல முடியாததால மொத்தத்தையும் குப்பையில போட்டாங்க, எனக்கு அவங்க மேல மரியாதை கூடினது அன்னிக்குத்தான். 2024 நவம்பர்ல அயோவால கமலா ஹாரிஸ் 3 பாயிண்ட் முன்னாடின்னு அவங்க சொன்னப்ப துளசேந்திரபுரம் வரைக்கும் நம்மாளுங்க அத ஃபார்வர்ட் பண்ணாங்க, ட்ரம்ப் 13 பாயிண்ட்ல ஜெயிச்சாரு.

எதிர்ப்பக்கமும் இருக்கு, பிடிச்ச வேட்பாளர் பின்தங்கினா சர்வே நம்ம ஆளுங்களப் புடிக்கலைன்னு சொல்றது. 2024ல பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பையன் விவேக் ராமசாமி ரிப்பப்ளிகன் வேட்பாளரா நின்னு அயோவாவோட 99 கவுண்டியையும் (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) ரெண்டு ரவுண்டு சுத்தினாரு, புதுசா வர்ற இளைஞர்கள் சர்வேயில தெரியமாட்டாங்க, பாருங்க அன்னிக்குன்னாரு, அதாவது 2008ல ஒபாமாவுக்கு நடந்தது எனக்கும் நடக்கும்ங்கிற கணக்கு. ஆனா அப்ப ஒபாமாவோட புது ஆளுங்க செல்சர் சர்வேயில ஏற்கனவே தெரிஞ்சாங்க, அதத்தான் மத்தவங்க நம்பல. இவருக்கு எந்த சர்வேயிலயும் அப்படி ஒரு கூட்டம் தட்டுப்படல. கடைசி ரெஜிஸ்டர் சர்வே அவருக்கு 8% குடுத்துச்சு, காகஸ்ல வந்தது 7.7%, அன்னிக்கு ராத்திரியே ட்ரம்ப்புக்கு ஆதரவுன்னு சொல்லிட்டு விலகிட்டாரு.