கில்ஜியின் வெள்ளி டங்காவில் ஆண்டைப் படிப்பது எப்படி? (ஏழா, ஒன்பதா என்று நான் ஏமாந்த கதையோடு)

டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி வெளியிட்ட டங்கா என்ற வெள்ளி நாணயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வாங்கிய வாரமே அதன் ஆண்டைப் படித்துவிட்டதாக நினைத்து, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். இரண்டு தப்பு செய்திருந்தேன்: ஒன்று கணக்கில், மற்றொன்று எழுத்தில். நீங்களும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அரபு தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொற்களைப் படமாக அடையாளம் காணப் பழகினால் போதும்.

முன்னதாக ஒரு வார்த்தை. வெள்ளிக் கிண்ணத்தை விபூதி போட்டுத் துலக்குவதுபோல நாணயத்தைத் துலக்கிவிடாதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் கூடாது. பள்ளங்களில் தங்கியிருக்கும் கருப்புதான் எழுத்தை எடுத்துக்காட்டுகிறது.

படி 1: எடையும் வெளிச்சமும்

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும். முழு டங்கா 11 கிராமை ஒட்டி நிற்கும். வெகுவாகக் குறைந்தாலோ, விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தாலோ வார்த்தெடுத்த போலியாக இருக்கலாம்.

லென்ஸ் பத்து மடங்கு போதும். இருபது மடங்கு லென்ஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் ஓர் எழுத்து தெரியும், சொல் தெரியாது. என்னைக் கேட்டால் லென்ஸைவிட மேசை விளக்குதான் முக்கியம். விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். விளக்கை நான்கு பக்கமும் மாற்றி நான்கு படம் எடுங்கள். ஒரு படத்தில் காணாமற்போன கோடு அடுத்ததில் எழுந்து நிற்கும்.

படி 2: பெயரைப் பிடியுங்கள்

ஒரு பக்கத்தில் நான்கு வரிகள்: "அஸ்ஸுல்தான் அல்அஃஸம் / அலாவுத்துன்யா வத்தீன் / அபுல் முஸஃப்பர் / முஹம்மத் ஷா அஸ்ஸுல்தான்". கடைசி வரியைப் பார்த்துவிட்டு முஹம்மத் பின் துக்ளக் என்றோ, 18ஆம் நூற்றாண்டு முகலாயர் முகம்மது ஷா என்றோ முடிவுகட்டுபவர்கள் உண்டு. அலாவுதீனின் அரச பெயரே முஹம்மத் ஷாதான். இரண்டாவது வரியையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் யார் என்று தெரியும்.

மறுபக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வட்டத்துக்குள் முதல் வரி "சிக்கந்தர் அஸ்ஸானி", அதாவது இரண்டாம் அலெக்சாந்தர். அடுத்து "கிலாஃபத்தின் (கலீஃபா ஆட்சியின்) வலக்கை, விசுவாசிகளின் தலைவருக்கு உதவியாளன்". 1258இல் மங்கோலியர்கள் பாக்தாத்தில் இஸ்லாமிய உலகத் தலைவரான கலீஃபா முஸ்தஃஸிமைக் கொன்றபின்னும் டில்லி சுல்தான்கள் அவர் பெயரையே நாணயத்தில் பொறித்துவந்தார்கள். 1296இல் தன் சிற்றப்பாவும் மாமனாருமான ஜலாலுதீனைக் கொன்று பட்டத்துக்கு வந்த அலாவுதீன், அந்தப் பெயரை எடுத்துவிட்டுத் தன்னை அலெக்சாந்தர் ஆக்கிக்கொண்டார். உலகத்தை வெல்லப் புறப்படப்போவதாகவும் அவர் பேசினார் என்றும், டில்லி கொத்வால் (நகரக் காவல் தலைவர்) அலாவுல் முல்க் அதைக் கைவிடச் சொன்னார் என்றும் வரலாற்றாசிரியர் பரணி எழுதுகிறார். பட்டம் மட்டும் நாணயத்தில் நின்றுவிட்டது.

படி 3: விளிம்பில் ஆண்டு

வட்டத்துக்கு வெளியே ஓடும் வரி, "இந்த வெள்ளி டில்லித் தலைநகரில் இன்ன ஆண்டில் அச்சிடப்பட்டது" என்கிறது. எழுத்து இடஞ்சுழியாக ஓடும். எனவே நாணயத்தை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே படியுங்கள். அச்சு பெரிது, வெள்ளித் துண்டு சிறிது. அதனால் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டே கிடைக்கும். வாங்கும்போது மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் ஆண்டு இருக்கும் பகுதி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆண்டு இலக்கத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ஒன்றின் இடம் முதலில், நூறு கடைசியில் வரும். "இஸ்னா அஷர் வ ஸப்உ மிஅ" என்றால் பன்னிரண்டும் எழுநூறும், 712.

நான் சறுக்கியது இங்கேதான். ஏழுக்கு "ஸப்உ", ஒன்பதுக்கு "திஸ்உ". காதுக்கு வேறு வேறு, கண்ணுக்கு ஒன்றேபோல. இரண்டிலும் வலமிருந்து ரம்பப் பல்போல நான்கு முளைகள், முடிவில் வால் சுருண்ட "ஐன்" என்ற எழுத்து. ஸப்உவில் முதல் மூன்று பற்கள் "ஸீன்", நான்காவது "பே". திஸ்உவில் முதல் பல் "தே", அடுத்த மூன்றும் "ஸீன்". தாளில் புள்ளி வைத்துப் பிரிப்பார்கள். நாணயத்தில் புள்ளியை எதிர்பார்க்க முடியாது.

நூறின் இடத்தில் சிக்கல் இல்லை. அலாவுதீன் ஆண்டது இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரியில் 695 முதல் 715 வரை. 900 என்று வர வழியில்லை. ஒன்றின் இடத்தில்தான் வம்பு. 707, 709 இரண்டுமே அவர் ஆட்சிக்குள் வருகின்றன. நான் ஆசைப்பட்டு 709 என்று படித்தேன். அவர் தளபதி மாலிக் காஃபூர் வாரங்கல்லுக்குப் படையோடு கிளம்பிய ஆண்டு அது. சில அச்சுகளில் தனிப்பல் மற்ற மூன்றைவிடச் சற்று உயர்ந்திருக்கும். வலக்கோடியில் உயர்ந்தால் ஒன்பது, ஐனுக்கு அருகில் உயர்ந்தால் ஏழு. என் நாணயத்தில் அந்த இடம் தேய்ந்திருக்கிறது. இப்போது உறைமேல் "707 அல்லது 709" என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

படி 4: ஆங்கில ஆண்டு

622ஐக் கூட்டினால் போதும் என்று நினைத்தேன். 707உடன் கூட்டினால் 1329. அலாவுதீன் 1316லேயே இறந்துவிட்டார்! ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது, சுமார் 11 நாள் குறைவு. எனவே ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி, பிறகு 622ஐக் கூட்டுங்கள். 707க்கு 1307-08, 709க்கு 1309-10 கிடைக்கும்.

பின்சேர்க்கை: "711 என்று படித்தேன். காஃபூர் 1311இல் மதுரையிலிருந்து கொண்டுபோன வெள்ளியா இது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆண்டு பொருந்துகிறது. வெள்ளி எங்கிருந்து வந்தது என்று நாணயம் சொல்வதில்லை. அப்படிச் சொல்லி விலையேற்றுபவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று: சதுர நாணயத்தின் படத்தை அனுப்பி, விளிம்பு வரி எங்கே என்று கேட்டவருக்கு: அலாவுதீனை விட்டுவிட்டு அவர் மகன் குத்புதீன் முபாரக்கின் பெயரைத் தேடிப் பாருங்கள். 1316 முதல் 1320 வரை ஆண்டவர். சதுர நாணயங்கள் அடித்தவர். அப்பா கலீஃபாவின் வலக்கையோடு நிறுத்திக்கொண்டார், மகன் தன்னையே கலீஃபா என்று பொறித்துக்கொண்டார். "கலீஃபா" என்ற சொல் தென்படுகிறதா என்று முதலில் பாருங்கள்.