ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பின் சிறுநீர் சிவந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது

ஸ்டெம் செல் மாற்று வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். நோயாளியோடு இரவு பகலாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புது செல்கள் பிடித்து, ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கி, எல்லோரும் கொஞ்சம் மூச்சுவிடும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது வரும். அடிக்கடி முட்டும், எரியும், பிறகு சிறுநீர் சிவக்கும். அனேகமாகக் காரணம் பிகே வைரஸ், சிலருக்கு அடினோவைரஸ். பிகே நம்மில் பெரும்பாலானவர்களின் உடம்பில் சிறு வயதிலிருந்தே சும்மா கிடப்பது. எதிர்ப்புச் சக்தி அடங்கியிருக்கும்போது கிளம்புகிறது. அதனால் "நான் ஏதோ தொற்றவைத்துவிட்டேனோ" என்று நீங்கள் மருக வேண்டாம். முதல் சில நாட்களிலேயே ரத்தம் வந்தால் அது வேறு. பெரும்பாலும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தால் வருவது. அதைத் தடுக்கத்தான் மெஸ்னா கொடுக்கிறோம்.

சிறுநீரைக் கொட்டிவிடாமல் எங்களிடம் காட்டுங்கள். அளவு, நிறம் இரண்டையும் எழுதுங்கள். ரத்தம் உறைந்து கட்டியாக வருகிறதா என்பதுதான் முக்கியம். ரத்தத்தை விட எனக்குப் பயம் கட்டியிடம்தான்; அது வழியை அடைத்தால் சிறுநீரகமே பாதிக்கும். முட்டுகிறது, ஆனால் வரவில்லை, அடிவயிறு கல்லாகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.

கட்டி சேராமலிருக்க நரம்பு வழியாக நிறையத் திரவம் ஏற்றுவோம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை 50,000-க்கு மேல் வைக்கப் பார்ப்போம். அதற்கும் அடங்காவிட்டால் சிறுநீர்ப்பைக்குள் மூன்று வழிக் குழாய் (கதீட்டர்) போடுவோம்: ஒரு வழியில் சலைன் உள்ளே போகும், இன்னொன்றில் கழுவிக்கொண்டு வெளியே வரும். உள்ளே போவதைவிட வெளியே வருவது குறைந்தால் எங்கோ அடைப்பு. குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், உடனே மணி அடியுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிக்கும் அந்த வலி மிகக் கொடியது. அந்த இழுப்பைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின், தேவைப்பட்டால் மார்ஃபின் வரை கேட்டு வாங்கலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மட்டும் வேண்டவே வேண்டாம். ரத்தத்தை நிறுத்தும் டிரனெக்ஸாமிக் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், கட்டி இறுகிவிடும்.

வைரஸுக்கு மருந்தில்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். சிடோஃபோவிர் உண்டு, நரம்பு வழியாகவோ நேரே சிறுநீர்ப்பைக்குள்ளோ கொடுப்பார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும், பலனும் உறுதியில்லை. வைரஸை அடையாளம் காணும் டி செல்களை (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. உண்மையில் வைரஸை அடக்குவது, மெல்லத் திரும்பும் நோயாளியின் சொந்த எதிர்ப்புச் சக்திதான். அதற்காக எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை நீங்களாகக் குறைத்தால் கொடையாளரின் செல்களே உடம்பைத் தாக்கலாம். அந்த முடிவு மருத்துவருடையது.

வாரக்கணக்கில் ஆகலாம். தெளிந்த பிறகும் பரிசோதனையில் வைரஸ் தெரியும். ரத்தமும் வலியும் இல்லையென்றால் அந்தப் பரிசோதனை முடிவுக்காக மட்டும் மருந்து தேவையில்லை.