பள்ளி மாணவர்களின் முதல் ஓவியக் கண்காட்சி: இடம் பிடிப்பதிலிருந்து ஆணி பிடுங்குவது வரை

பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளின் ஓவியங்களை எப்படி வைக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். ஒரு வகுப்பறையில் துணி கட்டி, குண்டூசி குத்தி, நூறு படங்களை நெருக்கிவிடுகிறோம். மாலையில் எல்லாம் சுருட்டிப் பீரோவுக்குள் போய்விடும். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு படத்தோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியிருக்கும். அந்தப் படத்துக்கு நல்ல சுவர் வேண்டும், வெளிச்சம் வேண்டும். வரைந்தவர் யாரென்றே தெரியாத நாலு பேர் அதன் முன்னால் நிற்க வேண்டும். ஓவிய ஆசிரியராக இருந்து இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: வெளியூர்க்காரர் ஒருவர் தன் படத்தின் முன் நின்றதைப் பார்த்த பிள்ளை அடுத்த படத்தை வேறு மாதிரி வரைகிறது.

முதல்முறை செய்யப்போகிற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எட்டு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

1. இடம்

பெரிய கேலரி தேவையில்லை. நூலகத்தின் கூட்ட அறை, ஊர்ப் பொதுக்கூடம், சங்கக் கட்டடத்தின் முன்கூடம் எதுவானாலும் சரி. போய்ப் பார்க்கும்போது கையில் அளவு டேப் இருக்கட்டும். சுவரின் நீளம், ஆணி அடிக்க அனுமதி உண்டா, எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, மழை பெய்தால் எந்தச் சுவர் ஓதம் ஏறும், இரவில் பூட்டுவது யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு விண்ணப்பம் கொடுத்து, தேதியை எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கிடையில் பிள்ளைகளை ஒரு நல்ல கண்காட்சிக்கு அழைத்துப்போங்கள். சென்னைப் பக்கம் இருந்தால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமி, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சோழமண்டலத்தின் கதையையும் அங்கேயே நின்று சொல்லுங்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் சேர்ந்து 1966-ல் அதைத் தொடங்கினார். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஓவியர்கள் தங்களுக்கான இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒரு வாத்தியாரும் மாணவர்களும் கூடிச் செய்தது என்று கேட்டதும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

2. தேர்வு

ஒருவருக்கு ஒரு படம் போதும். எதை வைப்பது என்பதை வரைந்த பிள்ளையே முடிவு செய்யட்டும். மூன்று படங்களைத் தரையில் பரப்பி, எது தனக்கு முக்கியம் என்று சொல்லச் சொல்லுங்கள். நமக்குப் பிடித்தது வேறாக இருக்கும், விட்டுவிடுங்கள். ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தது வேண்டாம். நடிகர் முகத்தை வரைவது கைக்கு நல்ல பயிற்சி, ஆனால் அந்தப் புகைப்படம் இன்னொருவருடையது.

பெற்றோரிடம் கடிதம் வாங்குங்கள். பிள்ளையின் பெயரைச் சுவரில் போடவும், படத்தைப் புகைப்படம் எடுக்கவும், யாராவது கேட்டால் விற்கவும் சம்மதமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

3. மவுண்ட்டும் சட்டமும்

லேமினேஷன் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் படத்தோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. பளபளப்பில் படமும் தெரியாது, ஜன்னல்தான் தெரியும்.

ஏ3 தாள் 29.7 × 42 செ.மீ. இதற்கு 16 × 20 அங்குலச் சட்டம் வசதி. எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுச் சட்டம் வாங்கினால் விலையும் குறையும், சுவரும் அமைதியாக இருக்கும். மவுண்ட் போர்டில், அதாவது படத்தைச் சுற்றி ஓரமாக வரும் தடித்த அட்டையில், வெட்டும் ஜன்னல் தாளைவிட ஒவ்வொரு பக்கமும் அரை செ.மீ. சிறியதாக இருக்கட்டும். மேலே விடும் ஓரத்தைவிடக் கீழே கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். சமமாக விட்டால் படம் கீழே வழுக்கி இறங்கியது போலக் கண்ணுக்குத் தெரியும்.

தாளை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டக் கூடாது. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் தாள் விரியும், வெயிலில் சுருங்கும். அசைய இடமில்லாவிட்டால் அலை அலையாக உப்பிவிடும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு தாள் துண்டுகளைக் கீல் போல ஒட்டித் தொங்கவிடுங்கள். மைதாப் பசை போதும். செலோ டேப் நாளாக நாளாகப் பழுப்பேறித் தாளிலும் கறை படியவிடும்.

கரித்துண்டு, சாஃப்ட் பேஸ்டல் படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மொட்டைமாடியில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஃபிக்சேட்டிவை (பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்பிரே) மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். இந்தப் படங்களுக்குக் கண்ணாடிதான் போட வேண்டும். அக்ரிலிக் ஷீட்டில் மின்னேற்றம் உண்டாகிப் பொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வாட்டர் கலர், பென்சில் படங்களுக்கு அக்ரிலிக் நல்லது: எடை குறைவு, பிள்ளைகள் தூக்கினாலும் உடையாது.

4. பெயர்ச்சீட்டு

எல்லோரும் கடைசி நாளில் அவசரமாக அடிப்பது இதைத்தான். நான் ஒரு வாரம் ஒதுக்குகிறேன்.

பெயர், வகுப்பு, தலைப்பு, ஊடகம் (வாட்டர் கலரா, பென்சிலா என்பது), அளவு, ஆண்டு. அளவில் உயரத்தை முதலில் எழுதுவது வழக்கம். முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒருபோதும் வேண்டாம். இவற்றுக்குக் கீழே பிள்ளையின் சொந்தச் சொல்லில் இரண்டு மூன்று வரி.

அந்த வரிகளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால் கட்டுரை நோட்டு மொழிதான் வரும். ஒரு மாணவன், ஓட்டு வீட்டுக்குள் தரையில் ஓர் அலுமினியச் சட்டி இருப்பதை வாட்டர் கலரில் வரைந்திருந்தான். தலைப்பு ‘மழையின் அழகு’ என்று எழுதி வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“இது எங்கப்பா இருக்கு?”

“எங்க வீடுதான் சார். ஒழுகுற இடத்துல அம்மா சட்டி வைப்பாங்க. ராத்திரி சத்தத்தை வச்சே எவ்வளவு ரொம்பியிருக்குன்னு சொல்லிடுவாங்க.”

இதைச் சுவரில் போடலாமா என்று அவனிடம் கேட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். மறுநாள் வந்து, “போடச் சொன்னாங்க சார்” என்றான். அவன் சொன்னபடியே போட்டோம். அந்தச் சீட்டைப் படித்தவர்கள் மறுபடி படத்தைப் பார்த்தார்கள், இந்த முறை அதிக நேரம்.

ஆகவே பேசவிடுங்கள், கைபேசியில் பதிவு செய்யுங்கள், பிறகு பிள்ளையே அதைக் கேட்டு எழுதட்டும். எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள். வீட்டுக் கஷ்டம் உள்ளே வந்தால், கேட்காமல் சுவரில் ஏற்றாதீர்கள்.

5. மாட்டுதல்

என் முதல் கண்காட்சியில் சட்டமில்லாத படங்களை இருபக்க டேப்பில் ஒட்டினேன். சுண்ணாம்புச் சுவர். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது ஏழு படங்கள் தரையில் கிடந்தன. ஒன்றின் மேல் ஈர மாப் போயிருந்தது. அதை வரைந்த பிள்ளை குனிந்து எடுத்துத் துப்பட்டாவால் ஒற்றி எடுத்தாள், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து டேப்பைத் தொடுவதில்லை.

ஆணி அடிக்க அனுமதி இல்லையென்றால், பந்தல்காரரிடம் பிளைவுட் தட்டி வாடகைக்குக் கிடைக்கும். அல்லது மேலே இரும்புக் குழாய் கட்டி, தடித்த தூண்டில் நரம்பில் தொங்கவிடலாம். ஒரு படத்துக்கு எப்போதும் இரண்டு நரம்பு. ஒன்றில் தொங்கினால் படம் திரும்பிக்கொள்ளும்.

இடைவெளிக் கணக்கு எளிது. சுவர் 20 அடி, அதாவது 240 அங்குலம். 16 அங்குல அகலத்தில் எட்டுப் படங்களுக்கு 128 போனால் மீதி 112. இரு ஓரங்களையும் சேர்த்து ஒன்பது இடைவெளி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓரடி. ஒன்பதாவது படத்தை நுழைக்க மனசு வரும். வேண்டாம், இன்னொரு சுவர் தேடுங்கள்.

உயரத்துக்குப் படத்தின் நடுப்புள்ளியைப் பிடியுங்கள். தரையிலிருந்து 57 அங்குலத்தில் அது வந்தால் பெரும்பாலானோரின் கண்மட்டத்துக்குப் பொருந்தும். ஆணி எங்கே என்று கண்டுபிடிக்க: 57-உடன் சட்டத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள், பின்பக்கக் கம்பியை நடுவில் மேலே இழுத்தால் அது சட்டத்தின் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 20 அங்குலச் சட்டம், கம்பி 3 அங்குலம் கீழே என்றால் 57 + 10 − 3 = 64. எல்லாப் படத்துக்கும் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். இரண்டுமே கொத்தனார் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும், அதை எப்படிப் பிடிப்பது என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுக்கும்.

எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது என்பதை முதலில் தரையில் சாய்த்துவைத்துப் பாருங்கள். கத்துகிற நிறமுள்ள படத்தை வாசலுக்கு நேர் எதிரே வையுங்கள், உள்ளே இழுக்கும். சிறிய பென்சில் படத்தை அதன் பக்கத்தில் வைத்தால் அது செத்துப்போகும்.

6. வெளிச்சம், திறப்பு

விளக்கு மேலிருந்து ஏறக்குறைய 30 பாகை சாய்வில் விழுந்தால் கண்ணாடியில் எதிரொளி குறையும். ஸ்கெட்ச் பேனா நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளிறும், அவற்றை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

திறப்பு விழாவில் பேச்சைச் சுருக்குங்கள். எழும்பூர் அல்லது கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரை அழைத்தால் போதும். பிளஸ் டூவுக்குப் பிறகு இதைப் படிக்க ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது என்பதை, அங்கே படிக்கிற அக்காவின் வாயால் கேட்பது நாம் சொல்வதைவிட ஆழமாக இறங்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தின் பக்கத்தில் அரை மணி நேரமாவது நிற்கட்டும். அம்மா அப்பாக்கள் கூலிவேலை முடிந்து வரமுடிகிற மாதிரி ஒரு நாளாவது இரவு எட்டரை வரை திறந்துவையுங்கள்.

யாராவது வாங்கக் கேட்டால், விலை பேசுவது ஆசிரியர் வழியாக, பெற்றோர் முன்னிலையில். பிள்ளை கொடுக்க மாட்டேன் என்றால் கொடுக்க வேண்டாம்.

7. இறக்குதல்

மாட்டியவர்களே இறக்க வேண்டும். படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, முகத்தோடு முகம் பார்க்க அடுக்குங்கள். பட்டியலில் கையெழுத்து வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொடுங்கள். பார்வையாளர் நோட்டை ஒரு நாள் வகுப்பில் சுற்றவிடுங்கள். ஆணி பிடுங்கிய ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, வெள்ளை தொட்டுவிட்டு, சாவியைக் கொடுக்கும்போதே அடுத்த ஆண்டுக்குத் தேதி கேளுங்கள்.